கப்பல் தாத்தாவின் டிரங்குப் பெட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்ற ஐப்பசியில் தோழி ஒருத்தி போன் செய்தாள். குன்னூர் பெட்போர்டுப் பக்கம் இருக்கும் அவர்களுடைய பூர்வீக வீட்டை விற்கப் போகிறார்கள். பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு தேயிலைப் பெட்டி. “எல்லாம் கப்பல் தாத்தா கொண்டு வந்தது. எது என்னன்னு யாருக்கும் தெரியாது. மூணு பேருக்குப் பிரிக்கணும். நீ ஒரு தடவை வந்து பாரேன்” என்றாள்.

நான் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவள் இல்லை. இருபது வருடமாகப் பழைய பீங்கான் வாங்கி, பலமுறை ஏமாந்து, அதிலேயே கற்றுக்கொண்டவள். அதைச் சொல்லித்தான் மழையோடு மழையாக மலை ஏறினேன்.

தாத்தாவின் கதை சுருக்கமாக இது. 1930-களில் பி.ஐ. (பிரிட்டிஷ் இந்தியா) கம்பெனிக் கப்பலில் சமையலறைப் பையனாகச் சேர்ந்தார். முதலில் ரங்கூன் போகும் கப்பல்கள், பிறகு ரஜூலா. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்த ரஜூலாவைப் பற்றி ஒரு கதையாவது இல்லாத மலேயாக் குடும்பம் அபூர்வம். 1926-இல் கட்டிய கப்பல், 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. தாத்தா அதில் பட்லராக இருந்து 1962-இல் கரையேறினார். பாட்டி கோத்தகிரிக்காரர் என்பதால் மலையிலேயே வீடு கட்டிக்கொண்டார். அவர் காலமாகி முப்பது வருடம் ஆகிறது. பாட்டிக்கு இப்போது தொண்ணூற்று மூன்று. கோவையில் மகள் வீட்டில் இருக்கிறார்.

எனக்கு முன்னால் ஒரு வியாபாரி வந்து போயிருந்தார். எதையும் திருப்பிக்கூடப் பார்க்காமல் மொத்தமாக இருபத்தையாயிரம் தருகிறேன் என்றாராம். திருப்பிப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் நான் ஊறுகாய்ப் பாட்டில்கூட விற்க மாட்டேன்.

முதல் வேலையாக, கழுவுவதை நிறுத்தச் சொன்னேன். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்து, வேலைக்கார அம்மா பாதித் தட்டுகளைத் தேய்க்கிற பவுடர் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். ஒரு தட்டில் தங்க விளிம்பு முக்கால்வாசி போய்விட்டது. மெருகுக்கு, அதாவது பீங்கான் மேல் கண்ணாடி போலப் படிந்திருக்கும் பூச்சுக்கு, மேலே தீட்டிய தங்கம் அப்படித்தான், நார் பட்டால் நிற்காது.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு இரண்டு பத்தியாகக் கோடு போட்டேன். இடது பக்கம் பொருள் சொல்வது. வலது பக்கம் வீடு சொல்வது. இரண்டையும் கலக்கக் கூடாது. எங்கே, எப்போது செய்தது என்பதைப் பொருள் சொல்லும். இந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல அதற்கு வாய் கிடையாது. வீட்டுக்காரர்களுக்கோ இரண்டாவது தெரியும். முதலாவதும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதித் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சீன ராஜாவின் ஜாடி

வலது பத்தியில் முதலில் எழுதியது இதைத்தான்: “சீன ராஜா காலத்து ஜாடி. தாத்தாவுக்கு ஒரு பெரிய மனுஷர் கொடுத்தது.” ஒரு ஜாண் உயரம், உருண்டை வயிறு, தொப்பி போன்ற மூடி. நீல நிறத்தின் மேல் பனிக்கட்டி விரிசல் விட்டது போலக் கோடுகள், இடையிடையே வெள்ளைப் பூக்கள். கவிழ்த்தேன். அடியில் இரட்டை நீல வட்டம், உள்ளே நான்கு சீன எழுத்துகள். படிக்கத் தெரியாவிட்டாலும் உருவம் பழக்கம். காங்ஷி. 1661 முதல் 1722 வரை ஆண்ட பேரரசர்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோழியிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதுவரைக்கும் புத்தி இருந்தது.

காலையில் கொஞ்ச நேரம் வெயில் வந்தது. ஜாடியை ஜன்னல் திண்டில் துண்டு விரித்து வைத்து, நகைக்கடைக்காரர் கண்ணில் செருகும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். முதலில் அடிவளையம். ஜாடி தரையைத் தொடும் அந்த மெருகில்லாத விளிம்பு பொய் சொல்லாது. நல்ல காங்ஷி வேலையில் அது வழவழவென்று சீவி விட்டது போல இருக்கும். இதில் விரலை ஓட்டினால் நெருநெருவென்று மணல். மெருகு ஓரிடத்தில் வழிந்து நின்றிருந்தது, யாரும் துடைத்திருக்கவில்லை. விரிசல் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரே இழுப்பு. நூறு ஜாடி தீட்ட வேண்டியவன் கை அது.

எழுத்துகளே எதிர்ச் சாட்சியாகவும் ஆயின. சீனப் பீங்கானின் தலைநகரான ஜிங்டெசெனில், 1677-இல் அங்கிருந்த அதிகாரி பேரரசரின் பெயரைப் பீங்கானில் போடக் கூடாது என்று தடை விதித்தார். உடைந்தால் குப்பையில் கிடக்குமே, அரசர் பெயர் ஆயிற்றே என்ற கவலை. அதனால் அந்தக் காலத்து உண்மையான சாமான்கள் பலவற்றில் வெறும் வட்டம்தான் இருக்கும், இல்லாவிட்டால் இலை, பூ. நான்கு எழுத்துக் காங்ஷி முத்திரையோ பெரும்பாலும் இருநூறு வருடம் கழித்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்டது. ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. முன்னோர் வேலைக்கு ஒரு கும்பிடு என்பது போலவும் போடுவார்கள்.

சரி, பிறகு இது என்னதான்? இஞ்சி ஜாடி. சர்க்கரைப் பாகில் ஊறிய இஞ்சியை, நம் ஊர் இஞ்சி முரப்பாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வையுங்கள், இந்த ஜாடிகளில் நிரப்பி, பிரம்பு வலை பின்னிக் கட்டிக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். ஜாடி இலவசம் மாதிரி. தோளில் மெருகு லேசாகத் தேய்ந்திருந்த இடங்கள் பிரம்பு உரசியவையாகத்தான் இருக்க வேண்டும். பட்லர் கையில் காலி இஞ்சி ஜாடி வந்து சேர்வதற்குப் பெரிய மனுஷர் யாரும் தேவையில்லை.

உள்ளே ஒரு காகித உருண்டை அடைத்திருந்தது. பிரித்தால் ‘தமிழ் முரசு’ பக்கம். சிங்கப்பூரில் 1935-இல் தொடங்கிய பத்திரிகை. தேதி இருந்த மூலை கிழிந்துவிட்டது, ஒரு விளம்பரத்தில் மட்டும் 1951 என்று இருந்தது. இடது பத்தியில் எழுதினேன்: “1900-ஐ ஒட்டிச் செய்தது. சீனா. ஏற்றுமதிச் சரக்கு.” தாளைப் பற்றித் தனியாக: “1951 அல்லது அதற்குப் பிறகு சிங்கப்பூர்த் தாளில் பொதிந்திருக்கிறார்கள்.” ஜாடியின் வயதும் தாளின் வயதும் ஒன்றல்ல. இதைக் குழப்பிக்கொண்டு 1951-இல் செய்த ஜாடி என்று முடிவுகட்டிய ஆட்களை எனக்குத் தெரியும்.

வேகமாகத் தீர்ந்தவை

வெள்ளைக்காரன் தட்டுகள் பதினொன்று. நீல வில்லோ மரம், பாலம், இரண்டு பறவை. சீனக் காட்சி போலத் தெரிந்தாலும் இது இங்கிலாந்துக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய படம். படத்துக்கு ஒரு காதல் கதையையும் பிறகு அவர்களே ஜோடித்தார்கள். கையால் தீட்டியதல்ல, அச்சுத்தாளை ஒட்டி எடுத்தது. விளிம்பில் கோலம் ஓரிடத்தில் பொருந்தாமல் முட்டி நிற்பதைப் பார்த்தாலே தெரியும், மலிவாகச் சுவர்க் காகிதம் ஒட்டிய அறை மாதிரி. பின்னால் ‘மேட் இன் இங்கிலாந்து’. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்ட பிறகுதான் நாட்டுப் பெயர் போடுவது பரவலாயிற்று. ‘மேட் இன்’ என்று சேர்த்துப் போட்டிருந்தால் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டு. பெரிய பரிமாறும் தட்டு ஒன்றில் மட்டும் பதிவு எண், மூன்று லட்சத்து இருபதாயிரத்துச் சொச்சம். அந்த வரிசை 1884-இல் ஒன்றிலிருந்து தொடங்கியது. இந்த எண் 1898. அது வடிவத்தைப் பதிவு செய்த வருடம், அதே வடிவத்தை எத்தனை வருடம் வேண்டுமானாலும் வார்த்திருக்கலாம்.

கப்பல் கம்பெனியின் பெயர் போட்ட கெட்டித் தட்டுகள் இரண்டு. வலது பத்தியை காலியாக விட்டேன்.

‘தந்த யானை’ என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம். யானைத் தந்தம் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும், சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே தலைவலி, விற்கும் பேச்சுக்கே இடமில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அடிப்பாகத்தில் ஊசி குத்தியது போலக் கரும்புள்ளிகள், சிறு கீறல்கள். இரத்தக் குழாய் ஓடிய தடம். எலும்பு. தந்தமாக இருந்தால் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரிந்திருக்கும். சூடு வைத்த ஊசியால் குத்திப் பார் என்று சொல்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பொத்தான் போட்டு வைத்திருந்த சிவப்பு வட்டப் பெட்டியைத் தூக்கியதுமே சிரிப்பு வந்தது. கனமே இல்லை. மூங்கில் இழையைப் பின்னி, மரப்பால் அரக்குப் பூசிப் பூசி, கீறி, வண்ணம் நிரப்பிய பர்மா வெற்றிலைப் பெட்டி. உள்ளே இரண்டு தட்டும் அப்படியே இருந்தன. பாக்கு, சுண்ணாம்புக்கென்று செய்தது. தைலத்தால் துடைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ரங்கூன் ஜாடி

சமையலறை மூலையில் நின்றதைப் பட்டியலில் சேர்க்கவே அவர்களுக்குத் தோன்றவில்லை. அது சாமான் இல்லையாம், நார்த்தங்காய் ஜாடியாம். இரண்டடி உயரம், அகன்ற தோள், குறுகிய அடி. தோளில் நான்கு காது. மஞ்சள் கலந்த பழுப்பு மெருகு அடிக்கு நான்கு விரல் மேலே நின்றுவிடுகிறது. உடம்பைச் சுற்றி ஒரு டிராகன், தீப்பிழம்பு போன்ற முத்தைத் துரத்துகிறது.

உப்பு நார்த்தங்காயை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுத் தோள்வரை கையை விட்டேன். நடுவில் சுற்றிலும் ஒரு மேடு தட்டியது. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் தனித்தனியாக வனைந்து ஒட்டிய இடம். வெளியே வழித்துச் சமன் செய்திருக்கிறார்கள், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். விரல் முட்டியால் தட்டினால் மணி போல நின்று ஒலித்தது. எங்கும் கீறல் இல்லை.

இப்படிப்பட்ட ஜாடிக்குக் கடல் வணிகத்தில் மர்த்தபான் என்று பெயர். பர்மாவில் மர்த்தபான் என்று ஒரு துறைமுகம், அங்கிருந்து போனதால் அந்தப் பெயர். பிறகு எங்கே செய்த பெரிய மெருகு ஜாடிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் வீட்டுச் சீனாச்சட்டி சீனாவிலிருந்தா வருகிறது? 14-ஆம் நூற்றாண்டில் ஊர் சுற்றிய இபின் பதூதாவுக்கு ஒரு இளவரசி கொடுத்த பரிசுகளில் மர்த்தபான்களும் இருந்தன. உள்ளே இருந்தது இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய், எல்லாம் கடல் பயணத்துக்காக உப்பில் போட்டது. இதைத் தோழியிடம் சொன்னதும், “அப்ப நாங்க சரியாத்தான் வெச்சிருக்கோம்” என்றாள்.

பர்மாவில் செய்தவற்றில் கருமையான மெருகும் அதன் மேல் வெள்ளைக் களிமண் பொட்டுகளும் வழக்கம். இந்த மெருகும், ஒட்டுவேலை டிராகனும் தென் சீனச் சூளைகளின் கைவரிசை. ஆக, இடது பத்தியில் “தென் சீனா”, வலது பத்தியில் வீட்டார் சொன்ன “ரங்கூன்”. அடித்துத் திருத்தவில்லை. மொத்தச் சொத்திலும் எனக்குப் பிடித்தது இதுதான், வியாபாரி கண்ணில் இது படவே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வந்தது. பழைய மெருகில் ஈயம் இருக்கலாம், புளிப்பும் உப்பும் அதைக் கரைக்கும், பரிசோதிக்காமல் இனி ஊறுகாய் போடாதீர்கள் என்றேன். அறுபது வருடமாகச் சாப்பிடுகிறோமே என்றார் தோழியின் அண்ணன். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பொம்மை எருமை

தேயிலைப் பெட்டியின் அடியில், பழைய துணிச் சுருளுக்குள், கைப்பிடி அளவுக்கு ஒரு சுட்ட மண் உருப்படி. குவிந்த வட்டத்தின் உச்சியில் ஒரு எருமை. கொம்பு பின்னால் வளைந்து படிந்திருக்கிறது, ஒன்று உடைந்திருக்கிறது. கழுத்திலும் முதுகிலும் குச்சியால் குத்திய புள்ளிகள். வலது பத்தி: “பாட்டியின் விளையாட்டுப் பொம்மை. தாத்தா எங்கிருந்தோ வாங்கி வந்தது.”

கவிழ்த்ததும் கை நின்றுவிட்டது. அடியில் உள்வாங்கிய விளிம்பு. எதன் வாயிலோ பொருந்தி உட்காரச் செய்தது. பொம்மைக்கு எதற்கு விளிம்பு? இது மூடி.

சக்கரச் சுழி எங்கும் இல்லை, கையால் பிடித்தது. இதற்கு அண்ணன் தம்பிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். நீலகிரியின் கல்வட்டங்களிலிருந்து, பழங்காலத்தில் இறந்தவர்களுக்காக வட்டமாகக் கல் அடுக்கிய இடங்களிலிருந்து, எடுத்தவை: அடுக்கடுக்கான உயரப் பானைகள், அவற்றின் மூடிகளில் எருமை, யானை, மயில், குதிரை, மனிதர். உதகையில் பிரீக்ஸ் பள்ளி என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த பிரீக்ஸ்தான் நீலகிரியின் முதல் கமிஷனர். மலையெங்கும் இருந்த கல்வட்டங்களைத் தோண்டி எழுதி வைத்தார். 1872-இல் அவர் இறந்த பிறகு, அடுத்த வருடம் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அவர் எடுத்தவற்றில் நிறைய இன்று எழும்பூரிலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இந்த மூடி கிடைக்காது. பெட்டியில் இருந்ததிலேயே வயதான பொருளுக்கும் கப்பலுக்கும் சம்பந்தமே இல்லை. நான் அதை ஈரத்துணியால்கூடத் தொடவில்லை. அளவு எடுத்து, ஆறு பக்கமும் படம் எடுத்து, பஞ்சு வைத்த அட்டைப் பெட்டியில் வைத்தேன்.

பிறகு மூவரையும் உட்கார வைத்துச் சட்டம் பேச வேண்டியிருந்தது. மண்ணிலிருந்து கிடைத்த பழம்பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறு வருடம் தாண்டிய தொன்மைப் பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யவோ, தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவோ கூடாது என்கிறது 1972-ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள் சட்டம். இஞ்சி ஜாடியை லண்டனுக்குக் கொண்டு போக ஆசைப்பட்ட தம்பிக்கு முகம் வாடிவிட்டது. அதுவும் நூறைத் தாண்டியிருக்கலாம், தொல்லியல் துறையிடம் காட்டித் தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்று வாங்காமல் விமானத்தில் ஏற்றாதே என்றேன். ஜாடி அண்ணனுக்குப் போயிற்று. மூடியைப் பற்றிக் கலெக்டருக்கு எழுதுவது என்று முடிவு செய்தார்கள். எங்கே கிடைத்தது என்று எழுதுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. மண்ணிலிருந்து எடுத்த பொருளுக்குக் கிடைத்த இடம்தான் பாதி உயிர்.

ஜப்பான் கப்பும் பாட்டியும்

கடைசியாக ஆறு கப், ஆறு சாசர். சாம்பல் கருப்பு நிறம், மேலே பிதுக்கி வரைந்த டிராகன், தங்கப் பூச்சு. முட்டை ஓடு மாதிரி மெலிசு. கப்பில் முத்திரை இல்லை, சாசரில் ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’. போருக்குப் பிறகு ஜப்பான் அந்நியர் ஆட்சியில் இருந்த 1945 முதல் 1952 வரைதான் அப்படிப் போட முடியும். இவ்வளவு துல்லியமாகத் தேதி சொல்லும் முத்திரை அபூர்வம். புத்தம் புதிது போல இருந்தன, ஒரு கறை இல்லை. இதில் யாரும் குடித்ததே இல்லை என்றாள் தோழி.

வெளியே மேகம் இறங்கி ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. போன் டார்ச்சைக் கப்புக்கு அடியில் பிடித்து, “உள்ளே பார்” என்றேன். எட்டிப் பார்த்தவள் “அய்யோ” என்று பின்வாங்கினாள். கப்பின் அடியில் ஒரு ஜப்பானியப் பெண்ணின் முகம், கொண்டையும் சாய்ந்த கழுத்துமாக. பீங்கானை ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் அச்சில் வார்த்தால், வெளிச்சம் ஊடுருவும்போது மட்டும் நிழலும் ஒளியுமாக உருவம் எழும். வெறுமனே பார்த்தால் ஏதோ மேடு பள்ளம். கப்பல்காரர்களுக்கும் சிப்பாய்களுக்கும் விற்பதற்கென்றே செய்த சாமான். எழுபது வருடம் பரணில் இருந்தது, இப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கோவைக்குப் போய்ப் பாட்டியைப் பார்த்தோம். எருமை மூடி, ஒரு கப், என் நோட்டுப் புத்தகம். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி கணக்காக இருந்தார்.

ஜாடியா? “பினாங்குல சீனர் கடையில வாங்கினதுங் கண்ணு. ரங்கூன் ஜாடின்னு ஊர்ல எல்லாரும் சொல்ற பேருதான்.” வலது பத்தியில் முதல் திருத்தம்.

மூடியைக் கையில் வைத்ததும் உடைந்த கொம்பைக் கட்டை விரலால் தடவினார். “இது அவர் வாங்கினது இல்ல. எங்கப்பாது. கோத்தகிரிப் பக்கம் தோட்டத்துல மேஸ்திரியா இருந்தாரு. செடிக்குக் குழி வெட்டறப்போ வட்டமாக் கல்லு இருந்துச்சாம், அதுக்குள்ள கிடந்துச்சு. எனக்கு வெளையாடக் குடுத்தாரு. கொம்பை நான்தான் ஒடைச்சேன். அதுக்கு அடியும் வாங்கினேன்.” எந்தத் தோட்டம், எந்தச் சரிவு, பக்கத்தில் எந்த ஓடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டேன். அந்தத் தாளின் நகல் இப்போது கலெக்டருக்குப் போன மனுவோடு இருக்கிறது.

கிளம்புகிற நேரத்தில் பேத்தி கப்பை எடுத்தாள். “பாட்டி, உங்களுக்கு ஒண்ணு காட்டறேன், ஆச்சரியப்படுவீங்க” என்று டார்ச்சைப் போட்டாள். பாட்டி கப்பைப் பார்க்கவே இல்லை, பேத்தியைத்தான் பார்த்தார்.

“உள்ளாற இருக்கறவளா? கொண்டாந்த அன்னைக்கே பாத்துட்டேன். இல்லாட்டி இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் அதுல காப்பி ஊத்தாமயா இருப்பேன்?”

நோட்டுப் புத்தகத்தில் கப்புக்கு எதிரே வலது பத்தி அதுவரை காலியாகத்தான் இருந்தது. அப்படியே எழுதிக்கொண்டேன்.